யார் கட்டிய ஓடு?

முத்து எப்படி உண்டாகிறது என்ற கேள்விக்குக் கொற்கைக் கடற்கரை ஈராயிரம் ஆண்டுகளாக விடை தேடி வந்திருக்கிறது. சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழையின் ஒரு துளி, வாய் திறந்து காத்திருக்கும் சிப்பிக்குள் விழுந்து முத்தாக உறைகிறது என்பது நம் முன்னோர் சொன்ன விடை. உரோமானியரான பிளினி மழைத்துளியை விடுத்துப் பனித்துளி என்றார். இரண்டு விடைகளுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான். அழகும் ஒழுங்கும் உடைய ஒரு பொருள் தானாக உருவாக முடியாது, அதை மேலிருந்து ஒன்று இறங்கி வந்து ஆக்கித் தர வேண்டும் என்பதே அது.

இந்த எண்ணம் எவ்வாறு படிப்படியாகக் கைவிடப்பட்டது என்பதே நாம் இங்கு பேச விரும்பும் வரலாறு. அது தூத்துக்குடியின் முத்துச் சிப்பியில் தொடங்கி, கண்ணுக்குத் தெரியாத வைரஸின் புரத ஓட்டில், அந்த ஓடு சேரும் விதத்தைக் கணினிக்குள் நடத்திப் பார்த்தவர்களிடம் சென்று முடிகிறது. வழி நீளமானது போலத் தோன்றலாம். ஆனால் கேள்வி வழி நெடுக ஒன்றுதான்: ஓட்டைக் கட்டுவது யார்?

*

கொற்கை முத்தைச் சங்கப் புலவர்கள் பாடினார்கள். அந்த முத்தைக் குளித்து எடுத்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்று கிரேக்க மாலுமி ஒருவரின் கடற்பயணக் குறிப்பான பெரிப்ளூஸ் சொல்கிறது. பாண்டியருக்குப் பின் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆட்சிகள் மாறின. சலாபத்தின் வருவாய் யாருக்கு என்பது மாறியதே தவிர, பார்களில் மூழ்கிய பரதவரின் மூச்சு மாறவில்லை. பல ஆண்டுகள் சிப்பி பெருகிக் கிடக்கும். பிறகு பார்கள் காரணம் தெரியாமல் வெறுமையாகிவிடும். அரசாங்கங்களுக்கு இது கருவூலப் பிரச்சினை. எனவே 1902-இல் இலங்கை அரசின் அழைப்பின் பேரில் லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் மன்னார் வளைகுடாவுக்கு வந்தார். அவருடைய உதவியாளராக வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராகி, தூத்துக்குடியின் முத்தையும் சங்கையும் பற்றி விரிவாக எழுதியவர் இவரே.

ஹெர்ட்மன் 1903 முதல் 1906 வரை வெளியிட்ட பெரிய அறிக்கையில் மழைத்துளியின் இடத்தில் ஒரு புழு வந்து அமர்ந்தது. நாடாப்புழுவின் இளம் உயிரி சிப்பிக்குள் புகுந்து மடிகிறது, அதைச் சுற்றி முத்து வளர்கிறது என்றார் அவர். இன்று இக்கொள்கை ஏற்கப்படுவதில்லை. ஆயினும் வானத்திலிருந்து வந்த விடை கடலுக்குள் இறங்கியது ஒரு முன்னேற்றமே. அடுத்த அடியை ஜப்பானியர் வைத்தார்கள். முத்தின் நடுவில் என்ன கிடக்கிறது என்பது முக்கியமல்ல. சிப்பியின் மேலுறைத் திசுவிலிருந்து பெயர்ந்த சில உயிரணுக்கள் உள்ளே ஒரு பையாகிவிட்டால், அவை வழக்கம்போல் ஓட்டுப் பொருளைச் சுரக்கின்றன. ஓட்டின் உட்புறத்தில் தட்டையாகப் படிவது பைக்குள் உருண்டையாகப் படிகிறது. முத்து என்பது திசை மாறிய ஓடு.

இதைத் தூத்துக்குடியில் நிறைவேற்றிக் காட்டியவர் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி. 1973 ஜூலையில், தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வேப்பலோடையில், இந்தியாவின் முதல் உருண்டையான வளர்ப்பு முத்து அவர் முயற்சியில் கிடைத்தது. 1981-இல் அதே நிலையம் முத்துச் சிப்பியைக் குஞ்சு பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்வதிலும் வெற்றி கண்டது. அதற்குள் இயற்கைச் சலாபம் முடிந்துபோயிருந்தது. 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்ததே தூத்துக்குடியின் கடைசித் தொடர் சலாபம்.

முத்தின் உட்கட்டமைப்பைப் பார்த்தால் நம் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கே தடிமனுள்ள சுண்ணப் படிகத் தகடுகள், புரதமும் கைட்டினும் கலந்த மெல்லிய சாந்தின் மேல் செங்கல் வரிசைபோல் அடுக்கப்பட்டிருக்கின்றன. உயிரணு சரக்கைச் சுரந்து வெளியே விடுகிறது, அவ்வளவே. ஒவ்வொரு தகட்டையும் எடுத்து வைக்கும் கை அங்கே இல்லை. சரக்கின் தன்மையிலேயே கட்டடத்தின் திட்டம் அடங்கியிருக்கிறது.

*

முத்து விட்டுப்போன கரையில் இறால் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு, ஆந்திரக் கடற்கரைகளில் புலி இறால் பண்ணைகள் பெருகின. 1994-95-இல் அவற்றை ஒரு நோய் தாக்கியது. இறாலின் தலையோட்டில் வெண்மையான புள்ளிகள் தோன்றும். தோன்றிய பத்து நாட்களுக்குள் ஒரு குளம் முழுவதும் செத்து மிதக்கலாம். கடன் வாங்கிக் குளம் வெட்டியவர்களுக்கு மருந்தும் இல்லை, மாற்றும் இல்லை. விளைநிலமும் குடிநீரும் உப்பாவதை எதிர்த்து சர்வோதயத் தலைவர் ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோரப் பண்ணைகளுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது இன்னொரு கதை. நமக்கு வேண்டியது அந்த வெண்புள்ளி. ஓட்டில் சுண்ணம் முறைதவறிப் படிவதால் தோன்றும் புள்ளி அது. சிப்பிக்குள் சுண்ணம் இடம் மாறிப் படிந்தால் முத்து என்று விலை பேசுகிறோம். இறாலின் ஓட்டில் தவறிப் படிந்தால் குளத்தையே இழக்கிறோம்.

நோய்க்குக் காரணமான வைரஸுக்கும் ஓர் ஓடு உண்டு. சிப்பியின் ஓட்டைச் சுரக்க உயிரணுக்களாவது இருக்கின்றன. வைரஸோ உயிரணுவே இல்லாத ஒன்று. ஒரு மரபு நூலும் அதைப் பொதிந்த புரத உறையுமே அதன் முக்கிய உடைமை. அப்படியானால் அந்த உறையை யார் கட்டுகிறார்கள்?

1955-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஃப்ரேங்கல்-கான்ராட், வில்லியம்ஸ் என்ற இருவரும் புகையிலைத் தேமல் வைரஸைப் பிரித்து, ஆர்.என்.ஏ.வைத் தனியாகவும் புரதத்தைத் தனியாகவும் எடுத்தார்கள். பிறகு இரண்டையும் ஒரே குழாயில் கலந்தார்கள். நோய் உண்டாக்கும் வைரஸ் மீண்டும் உருவாகியிருந்தது. குழாய்க்குள் உயிரணு இல்லை, ஆற்றல் ஊட்டும் பொருளும் இல்லை. வெறும் நீரும் உப்பும், மூலக்கூறுகள் இடைவிடாது மோதிக்கொள்ளும் வெப்பச் சலனமும்தான் இருந்தன.

மறு ஆண்டு கிரிக்கும் வாட்சனும் ஒரு எளிய கணக்கைச் சொன்னார்கள். மரபு நூலில் மூன்று எழுத்துக்கு ஒரு அமினோ அமிலம். அந்த மூன்று எழுத்தின் எடை ஓர் அமினோ அமிலத்தின் எடையைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. ஆகவே எந்த நூலாலும் தன்னையே மூடிக்கொள்ளும் அளவுக்குப் பெரிய ஒற்றைப் புரதத்தை எழுத முடியாது. ஒரே சிறு புரதத்தை மீண்டும் மீண்டும் அச்சிட்டு, அந்தப் படிகளைச் சீராக அடுக்குவது ஒன்றே வழி. பொருளாதார நெருக்கடியிலிருந்து பிறந்த அழகு இது.

1962-இல் காஸ்பரும் க்ளூக்கும் அந்த அடுக்கின் இலக்கணத்தை எழுதினார்கள். இருபது முக்கோண முகங்கள் கொண்ட உருவம், அதில் 60 படிகள். இன்னும் பெரிய ஓடு வேண்டுமானால் 60-ஐ 3, 4, 7 என்ற குறிப்பிட்ட எண்களால் பெருக்க வேண்டும். 180 படிகள் கொண்ட ஓட்டில் ஒரே புரதம் சில இடங்களில் ஐந்து பேர் வட்டமாகவும், சில இடங்களில் ஆறு பேர் வட்டமாகவும் கைகோத்து நிற்கும். ஒரே நடிகர் மூன்று வேடம் போடுவதுபோல் ஒரே புரதம் சற்றே வளைந்து மூன்று நிலைகளை ஏற்கிறது. எந்த இடத்தில் எந்த வேடம் என்று அதற்கு யார் சொல்கிறார்கள்?

*

இந்தக் கேள்வியில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. க்ளூக் பணியாற்றிய லண்டன் ஆய்வகத்தின் தலைவரான பெர்னல் 1952-இல் சென்னைக்கு வந்தபோது, கொலாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் இளம் பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரனிடம் குறிப்பிட்டார். அதிலிருந்து கொலாஜனின் முப்புரி அமைப்பு பிறந்தது. 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் ராமச்சந்திரன் வெளியிட்ட வரைபடம், ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எந்தக் கோணத்தில் அணுவோடு அணு முட்டிக்கொள்ளும் என்று வகுத்துக் காட்டியது. புரதத்தின் வடிவத்தைக் கணக்கிட்டே அறியலாம் என்ற நம்பிக்கையின் ஆரம்பச் சுவடுகளில் ஒன்று அது. இன்று புரதங்களின் கணினிப் பாவனைகள் எல்லாம் அந்த வரைபடத்துக்குக் கட்டுப்பட்டே நடக்கின்றன.

ராமச்சந்திரன் 1970-இல் சென்னையை விட்டுச் சென்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். பின்னர் அந்தப் பிரிவில் எம்.ஆர்.என். மூர்த்தியும், அதே கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் எச்.எஸ். சாவித்ரியும் ஒரு வைரஸை எடுத்துக்கொண்டார்கள். அது நமக்கு மிகவும் தெரிந்த செடியின் நோய். திருப்பதி வட்டாரத்து அகத்தியில் காணப்பட்ட தேமல் வைரஸ். துவாதசிப் பாரணைக்கு நாம் தேடும் அதே அகத்திதான். 1995-இல் அதன் ஓட்டின் முழு அமைப்பையும் எக்ஸ் கதிர்கள் மூலம் அணு நிலைக்கு நெருக்கமான நுட்பத்தில் வெளியிட்டார்கள்.

அகத்தி வைரஸின் ஓட்டில் 180 படிகள், ஒவ்வொன்றிலும் 268 அமினோ அமிலங்கள். கூட்டினால் 48,000-க்கும் மேல். அதன் மரபு நூலிலோ நாலாயிரத்துச் சொச்சம் எழுத்துகள்தான். அதாவது நூல் முழுவதையும் ஒரே புரதத்துக்காகச் செலவிட்டாலும் ஆயிரத்து நானூறு அமினோ அமிலங்களைத் தாண்டாது. கிரிக், வாட்சன் சொன்ன கணக்கை ஒரு கீரையில் சரிபார்த்துக்கொள்ளலாம். இந்த ஓட்டின் குறுக்களவு மில்லிமீட்டரில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவே. ஐந்து மில்லிமீட்டர் முத்து ஒன்றின் குறுக்கே வரிசையாக வைத்தால் ஒன்றரை லட்சத்துக்கு நெருக்கமாகக் கொள்ளும்.

அடுத்து நடந்ததுதான் சுவையானது. அந்தப் புரதத்தை மட்டும் பாக்டீரியாவில் உற்பத்தி செய்தபோதும் ஓடு தானே உருவாயிற்று. பிறகு புரதச் சங்கிலியின் ஒரு முனையிலிருந்து 65 அமினோ அமிலங்களை வெட்டிவிட்டுப் பார்த்தார்கள். ஓடு உருவாவது நிற்கவில்லை. ஆனால் 180-க்குப் பதிலாக 60 படிகள் கொண்ட சிறிய ஓடாக உருவானது. எந்த வேடம் போடுவது என்று படிகளுக்குச் சொல்லும் பொத்தான் அந்த வாலில் இருக்கிறது. வாலின் ஒரு பகுதி மூன்று மூன்று படிகளிடமிருந்து நீண்டு வந்து பின்னிக்கொண்டு ஒரு வளையமாகிறது. பெரிய ஓட்டுக்கு அந்த வளையமே காரணம் என்று பலரும் நினைத்திருந்தார்கள். ஆனால் 2008-இல் அதே குழுவினர் வளையத்துக்கான பகுதியை மட்டும் நீக்கிப் பார்த்தபோது 180 படி ஓடு குறைவின்றி உருவாயிற்று. மேஸ்திரி என்று நாம் கைகாட்டிய வளையமும் கட்டடத்தில் ஒரு கல்லாகவே இருந்தது.

*

முடிந்த ஓட்டை எக்ஸ் கதிரில் பார்க்கலாம். உதிரியாகக் கிடக்கும் படிகளையும் அளக்கலாம். இடையில் நடப்பதைப் பார்ப்பது மிகக் கடினம். பாதி கட்டிய ஓடு கணநேரமே நிலைக்கும். ஒவ்வொன்றும் வெவ்வேறு வழியில் வளரும். இங்கேதான் கணினி வந்தது.

1994-இல் இரண்டு தொடக்கங்கள் நிகழ்ந்தன. பானி பெர்கர், பீட்டர் ஷோர் முதலியோர் 'அண்டை விதிகள்' என்ற கருத்தை முன்வைத்தார்கள். எந்தப் படிக்கும் முழு வரைபடம் தெரிய வேண்டியதில்லை. 'என் பக்கத்தில் இன்ன வேடக்காரன் நின்றால் நான் இன்ன வேடம்' என்ற சிறு விதி மட்டும் போதும். அந்த விதிகளைக் கணினிக்குக் கொடுத்தால் முழு ஓடும் பிழையின்றி மூடிக்கொள்கிறது. நம் வீட்டு வாசலில் புள்ளிக்கோலம் போடுபவருக்குத் திட்டம் தலைக்குள் இருக்கிறது. இங்கே ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியை மட்டும் கேட்டுக்கொண்டு தன் இழையை இழுத்துக்கொள்கிறது.

அதே ஆண்டு ஆடம் ஸ்லாட்னிக், பன்னிரண்டு ஐங்கோணத் துண்டுகள் ஓர் ஓடாகும் எளிய மாதிரியை எடுத்துக்கொண்டு சமன்பாடுகளால் ஆராய்ந்தார். அதிலிருந்தும் அதற்குப் பின்வந்த ஆய்வுகளிலிருந்தும் எதிர்பாராத ஓர் உண்மை வெளிப்பட்டது. படிகளுக்கு இடையிலான பிணைப்பு வலுவாக இருந்தால் ஓடு நன்றாக உருவாகும் என்றுதானே நமக்குத் தோன்றும்? அப்படியில்லை. பிணைப்பு அளவுக்கு மீறி வலுவாக இருந்தால் முழு ஓடு உருவாகாமலே போகலாம்.

தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி கட்டியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீர் மெல்ல ஏறி மெல்ல உறைந்தால் பருத்த, தெளிந்த படிகம் கிடைக்கும். அவசரமாக உறைந்தால் பொடியாகிவிடும். மெல்ல உறையும்போது தவறாக ஒட்டிய துகள் மீண்டும் கரைந்து சரியான இடத்தைத் தேட அவகாசம் இருக்கிறது. வைரஸின் ஓட்டிலும் தவறான கோணத்தில் ஒட்டிய படி கழன்று விழ முடிய வேண்டும். கழல முடியாதபடி பிடித்துக்கொண்டால் கோணல் நிலைத்துவிடும். உருண்டை மூடாது.

இன்னொரு கண்ணியும் உண்டு. பத்துத் தோணிக்குப் போதுமான பலகையை வைத்துக்கொண்டு ஒரே நாளில் நூறு தோணிக்கு அடிமரம் போட்டால் கரையில் நூறு எலும்புக்கூடுகள் நிற்கும். ஒன்றும் கடலுக்குப் போகாது. பிணைப்பு வலுத்தால் எங்கும் ஓடுகள் தொடங்கிவிடுகின்றன. முடிக்கச் சரக்கு மிஞ்சுவதில்லை. ஆகவே தொடங்குவது கடினமாகவும் தொடர்வது எளிதாகவும் இருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி வைரஸின் படிகளுக்கு இடையிலான ஒவ்வொரு தொடர்பும் மிக மெலிதானது என்று 2002-இல் ஸ்லாட்னிக்கும் அவருடன் பணியாற்றியவரும் அளந்து காட்டினார்கள். நூற்றுக்கணக்கான மெலிந்த பிடிகள் சேர்ந்தே உறுதியான ஓடாகின்றன.

இவையெல்லாம் சமன்பாட்டளவில். துகள்களையே கணினிக்குள் மிதக்கவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்தவர்களில் முன்னோடி, இஸ்ரேலின் பார்-இலான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபபோர்ட். 2008-இல் அவர் முக்கோண வடிவத் துகள்களை நீர்போன்ற ஊடகத்தில் அலையவிட்டார். அவருடைய ஓடுகள் வளர்ந்த விதம் கொத்தனார் சுவர் எழுப்பும் விதமாக இல்லை. ஒட்டுவதும் உதிர்வதும் கடைசிவரை மாறி மாறி நடந்தன. இறுதித் துண்டு பொருந்தி மூடிக்கொண்ட பிறகே அசைவு அடங்கியது. 2006-இல் ஹேகனும் சாண்ட்லரும் வேறு வகை மாதிரியில் இதே பாடத்தைக் கண்டிருந்தார்கள். கட்டுதலின் ரகசியம் கலைதலில் இருக்கிறது.

அதே 2006-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஷுல்டன் குழுவினர், புகையிலையின் ஒரு சிறிய துணை வைரஸை ஒவ்வோர் அணுவாகக் கணினியில் நிறுத்தினார்கள். சுற்றியுள்ள நீரோடு சேர்த்துப் பத்து லட்சம் அணுக்கள். அவ்வளவு பெரிய கணினியால் நடத்த முடிந்ததோ ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஐம்பது பங்கு மட்டும். ஓடு உருவாக நொடிகளும் நிமிடங்களும் ஆகும் என்பதால்தான் மற்றவர்கள் அணுக்களை விடுத்து முக்கோணங்களோடு நிற்க வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தச் சிறு கணத்தில் ஒரு செய்தி கிடைத்தது. உள்ளே இருந்த ஆர்.என்.ஏ.வை எடுத்துவிட்டால் அந்த ஓடு நிலைகுலைந்து சரிந்தது. ஓடு நூலைக் காக்கிறது என்று நினைத்திருந்தோம். இங்கே நூலும் ஓட்டைத் தாங்கி நிற்கிறது.

*

இந்த அறிவால் யாருக்கு என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. பிணைப்பு வலுத்தால் ஓடு கெடும் என்ற பாடம் நேரடியாக மருந்து ஆராய்ச்சிக்குச் சென்றது. ஹெபடைடிஸ் பி வைரஸின் படிகளை அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்ளச் செய்து, கோணல் ஓடுகளாக வீணடிக்கும் சேர்மங்கள் ஆராயப்பட்டு வருகின்றன. பகைவரைப் பிரிப்பதற்குப் பதில் கட்டிப்பிடிக்க வைத்து வீழ்த்தும் உத்தி இது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எதிராக 2006 முதல் வழக்கிலுள்ள தடுப்பூசியோ முழுக்க முழுக்கத் தானே சேரும் ஓடு. 360 படிகள் கூடிய, உள்ளே நூல் இல்லாத வெற்றோடு. அதன் இந்திய வடிவத்துக்கு 2022-இல் அனுமதி கிடைத்தது.

இறாலுக்கும் இந்த அறிவு வந்து சேர்ந்திருக்கிறது. நன்னீர் இறால் குஞ்சுகளின் வெண்வால் நோய்க்குக் காரணமான வைரஸ், அகத்தி வைரஸைப் போலவே 180 படிகள் கொண்டது. இந்நோயைப் பற்றிய ஆய்வுக்கு உலக அளவில் பெயர் பெற்ற இடம் நம் மேல்விஷாரத்து அப்துல் ஹக்கீம் கல்லூரி. அந்த வைரஸின் புரதமும் பாக்டீரியாவில் தனித்து விடப்பட்டால் ஓடாகச் சேர்கிறது.

வெண்புள்ளி வைரஸ் அவ்வளவு எளியதன்று. அதன் நூலில் ஏறத்தாழ மூன்று லட்சம் எழுத்துகள். அதன் உள்ளோடு வளையங்கள் அடுக்கிய கோல் வடிவம். அதை ஆக்கும் முக்கியப் புரதம் ஆறாயிரத்துக்கும் அதிகமான அமினோ அமிலங்கள் கொண்ட பேருரு. அதற்கு மேல் ஒரு கொழுப்புறையும் உண்டு. முக்கோணங்களை மிதக்கவிட்டுப் பார்த்த பாவனைகள் சிறிய, உருண்டையான, ஒழுங்கான ஓடுகளையே பெரிதும் தேர்ந்துகொண்டன. கடற்கரையில் குளம் குளமாக அழித்தது அந்த வகையைச் சேர்ந்ததன்று. அறிவியல் தன்னால் தீர்க்கக்கூடிய கணக்கை முதலில் எடுக்கிறது. வயிறு கேட்கும் கணக்கு வரிசையில் பின்னால் நிற்கிறது. 1994-இல் குளத்தை இழந்தவருக்கு இந்த வரிசையை நாம் நியாயப்படுத்திவிட முடியாது. ஆனால் எளிய ஓட்டின் இலக்கணம் தெரியாமல் கடிய ஓட்டைப் படிக்கவும் முடியாது.

நிறைவாக ஒன்று. அகத்தி வைரஸின் படிகளுக்கு இடையே சுண்ணத்தின் அயனிகள் அமர்ந்து ஓட்டை இறுக்குகின்றன. முத்தைச் சமைத்ததும், இறாலின் ஓட்டில் புள்ளியாகத் தவறியதும் இதே கால்சியம்தான். உயிரணுவின் உட்புறத்தில் கால்சியம் மிகக் குறைவு. இந்த வகை வைரஸ் அங்கே நுழைந்ததும் அயனிகள் கழன்று, ஓடு தளர்ந்து, நூல் வெளிவர வழி பிறக்கிறது என்று கருதப்படுகிறது. சேர்வதற்கு உதவிய அதே மெலிந்த பிடிதான் பிரிவதற்கும் உதவுகிறது. முத்து ஒருமுறை உருவானால் திறப்பதில்லை. அதனால்தான் அது அணிகலனாகக் கிடக்கிறது. வைரஸின் ஓடு திறப்பதற்காகவே மூடிக்கொள்கிறது. அதனால்தான் அது பரவுகிறது. இரண்டையும் கட்டிய கை எது என்று கேட்டால், எந்தக் கையும் இல்லை என்பதே இதுவரை கிடைத்திருக்கும் விடை. மழைத்துளியைவிட அது குறைந்த வியப்பாக நமக்குத் தோன்றவில்லை.